இல்லாதவளுக்கு எதற்குக் கண்ணாடி

ஃபிரேம் போடுகிறவர்தான் முதலில் சொன்னார். நான்கு படங்களையும் சுவரோரம் சாய்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தவர், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் ஒரே மூஞ்சிய வச்சு முன்னூறு வருஷத்த ஓட்டிட்டாரே!"

"எதச் சொல்றீங்க?"

"நல்லாப் பாருங்க. மெழுகுவத்தி புடிச்ச வேலைக்காரி, கப்பல்ல நிக்கிற அம்மா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பொண்ணு, ஹெட்போன் மாட்டின இந்தக் காலத்துப் புள்ள. நாலு பேருக்கும் இடது புருவத்துல அதே வெட்டு."

பார்த்தேன். இருந்தது.

அந்தப் படங்களை அச்சடித்தவளே நான்தான். எங்கள் வீட்டில் இவர் வரைவார், நான் அச்சடிப்பேன். மெழுகு பூசிய செம்புத் தகட்டில் இவர் ஊசியால் கீறுவார். அமிலம் அந்தக் கீறலைத் தின்று பள்ளமாக்கும். பள்ளத்தில் மை தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து, ஈரத்தாளோடு உருளைக்குள் விடுவது என் வேலை. மை துடைக்கிறவளுக்கு முகமெல்லாம் தெரியாது, எங்கே மை நிற்கிறது என்பதுதான் தெரியும். புருவத்தின் அந்த வெட்டைக்கூட மை பிடிக்காத இடம் என்று நினைத்து, முதல் தகட்டில் இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தேன். யாரோ ஒருத்தியின் தழும்பை என் கையாலேயே மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

கை பழகிய முகமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது.

தகட்டில் வரைவது தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் உண்மையான ஆளை வரையும்போது மட்டும் இவர் அந்த ஆளின் போட்டோவைக் கண்ணாடி முன் நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து வரைவார். இல்லாவிட்டால் மச்சம் மாறிப்போய், வீட்டார் "இது எங்கப்பாவே இல்ல" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கற்பனை முகத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. கண்காட்சிக்கூடத்துக்காக இந்த நான்கையும் ஒப்புக்கொண்டபோது, "எல்லாம் மனசுலேர்ந்து வர்ற முகம்தான்" என்றார். ஆனால் நான்கு தகடு முடியும்வரை கண்ணாடி மேஜையை விட்டு இறங்கவில்லை. அதன் பக்கத்தில் நானே டீ கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதற்குள் என் கையும் டம்ளரும் தெரிந்தன. வேறென்ன தெரிந்தது என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

இல்லாத ஒருத்திக்கு வெட்டு எந்தப் புருவத்தில் இருந்தால் என்ன?

அன்றிலிருந்து எனக்கு ஊரில் புருவங்கள் மட்டும்தான் தெரிந்தன. மருந்துக்கடைப் பெண், மை விற்கிறவரின் மனைவி, என் சித்தி மகள். சித்தி மகளைச் சந்தேகப்பட்டதற்காக அவளுக்குப் போன் செய்து காரணமில்லாமல் கொஞ்சினேன். பஸ்ஸில் ஒருத்தி, "என் மூஞ்சில என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேவிட்டாள்.

இவரிடம் வழக்கத்தைவிட அன்பாக நடந்துகொண்டேன். உளவு பார்க்கிறவளுக்கு அது தானாக வந்துவிடுகிறது. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்பதுதான் பயமாக இருந்தது. கேட்காதவரை நான் ஒரு குடும்பத்துக்காரி.

ஃபிரேம் போட்ட படங்கள் திரும்பி வந்தன. நான்கு பேரும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்கள். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இவ யாரு?"

"யாரு? யாருமில்ல. கற்பனை."

"கற்பனைக்கு எதுக்குக் கண்ணாடி?"

கை தட்டிலேயே நின்றது. "அது... சட்டைக்காக. பட்டன் பக்கம் மாறிடக் கூடாதுல்ல."

"வேலைக்காரி போர்வை போத்திட்டு நிக்கிறா. அதுல எங்க பட்டன்?"

எழுந்தார். கை கழுவிவிட்டு வந்தார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தங்கச்சி."

"யாரோட தங்கச்சி?"

"என்னோடதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒத்தப் பிள்ளைக்குத் தங்கச்சியா?"

"வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா. அப்படி ஒரு பொண்ணே பொறக்கலன்னுட்டாரு அப்பா. உங்க வீட்ல பேச வந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. நான் வாயத் திறக்கல. அப்புறம் எங்க ஆரம்பிக்கிறது?"

"அப்பா போய்ச் சேர்ந்தே எவ்வளவு நாளாச்சு!"

"அதுக்குள்ள பொய் என்னோடதா ஆயிருச்சு."

"நீங்க அவளப் பாக்கறீங்களா?"

"எப்பவாவது." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "படத்தையெல்லாம் பாத்தா. மூக்கு சரியில்லன்னா" என்றார்.

நான் தப்பும் தவறுமாகச் சந்தேகப்பட்ட நாட்களில் அவள் உட்கார்ந்து மூக்குக்குக் குறை சொல்லியிருக்கிறாள்.

"போன் போடுங்க. இப்பவே."

போட்டு என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "அண்ணி?"

அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அண்ணி, கோவமா? சொல்லு சொல்லுன்னு நானும் தலையால தண்ணி குடிச்சேன். அது ஒரு கல்லுளிமங்கன். சின்னதுல என்னை ஊஞ்சல்லேர்ந்து தள்ளி புருவத்தக் கிழிச்சிட்டு, பூனை தள்ளிருச்சுன்னு அம்மாகிட்ட சொன்ன ஆளு. கடைசிவரைக்கும் பூனைதான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காதலிகள் ஒருவனை இவ்வளவு அலுப்பாகத் திட்ட மாட்டார்கள். கூடப்பிறந்தவளுக்குத்தான் அது வரும்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாம்மா," என்றேன். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். சண்டை வரும்போதெல்லாம் "ஒத்தையா வளந்த உங்களுக்குக் கூடப்பிறந்த பாசம் எங்க புரியும்" என்று குத்திக்காட்டியிருக்கிறேன். என் தம்பியின் கல்யாண மண்டபத்தில்கூட. அப்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். அதை நான் பொறுமை என்று நினைத்தேன். என் அம்மாவிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இவர் முகத்தில் பாரம் இறக்கி வைத்தவரின் நிம்மதி.

"நம்புறியா?" என்றார்.

"அவள நம்புறேன்."

அந்த வாக்கியத்தின் மீதியும் வரும் என்று இவர் நின்றுகொண்டே இருந்தார்.