ஏழு கண் பாலம்

சம்பந்தி வருகிறார் என்றதும் என் மகள் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, கெஞ்சிக் கேக்கறேன். மாமனார் இருக்கற ரெண்டு நாளும் புளுகாதீங்க. கல்யாணத்துல நீங்க விட்ட கதைய வச்சு அங்க இன்னும் என்னை ஓட்டறாங்க."

விட்டது கதையல்ல. நான் பஸ் ஓட்டிப்போன தூரத்து ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு விடுமுறை. தண்ணீர் பாதி மலையில் அப்படியே நிற்கும். தொட்டே பார்த்தேன், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. இருந்தாலும் மகளுக்காக வாயைக் கட்டினேன்.

சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டார். "உங்க ஊர்ல பாக்க என்ன சம்பந்தி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டு இருக்கு. அதுவும் வேற ஊருக்குப் போறதுக்குத்தான்."

"ஏழு கண் பாலம்னு பஸ்ல பேசிக்கிட்டாங்களே?"

"அது சும்மா பேரு. என் சர்வீஸ் முழுக்க அது மேலதான் ஓட்டினேன். ரெண்டு பக்கமும் சுவரு, நடுவுல பள்ளம். கண்ணுமில்ல, மூக்குமில்ல."

இதில் புளுகே கிடையாது என்று மகளைப் பெருமையாகப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. மூவரும் போனோம். பாலத்தின் நடுவில் நின்று பள்ளத்தைக் காட்டினேன். அவரோ ஓரத்துப் படியில் இறங்கத் தொடங்கினார். அங்கே படி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கீழே ஆறு அசையாமல் கிடந்தது. பாலத்துக்கு ஏழு வளைவுகள். ஒவ்வொன்றும் தண்ணீரில் தலைகீழாக விழுந்து முழுக் கண்ணாக விழித்துக்கொண்டிருந்தது. ஏழும் என்னையே பார்த்தன. 'இத்தனை வருஷமா எங்க தலைமேல ஏறிப்போனவன் நீதானா?' என்பது போல.

சம்பந்தி வாயைப் பிளந்தார். "இவ்ளோ அழக வச்சுக்கிட்டா ஒண்ணுமில்லன்னீங்க?"

வழக்கமாகப் பொய்கள் என் நாக்கு நுனியில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். அன்று ஒன்றையும் காணோம்.

"சத்தியமா சம்பந்தி, நானும் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அருவிக்கு லீவு விட்டதக்கூட நம்பலாம். காலமெல்லாம் மேல பஸ் ஓட்டினவரு பாலத்தப் பாக்கலையாம்! வீட்டுக்குப் போனதும் இதத்தான் முதல்ல சொல்லணும்."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் பொய் எது, மெய் எது என்று அவளுக்குத் தெரியும். மாமனார் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்.

"அப்பா, இதுக்கு நீங்க புளுகியே இருக்கலாம்."