அவசரமில்லாதவர்கள்

ஈரப்பஞ்சை உதட்டில் வைத்தபோது அக்கா அதைச் சப்பவில்லை. தங்கை மறுபடியும் வைத்தாள். தண்ணீர் வாயோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"அத்தான், கொஞ்சம் வாங்களேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரோடு வந்தார். அக்காவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. இருவரும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகும் காத்திருந்தார்கள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஊரில் பாதிப்பேரைத் திட்டியே ஓட்ட வைத்தவள். "ரோட்டப் பாருப்பா, என் மூஞ்சில என்ன இருக்கு?" என்பாள். மார்பில் கட்டி தட்டுப்பட்டது தொற்றுக்காலத்தில். ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்து, அவசரமில்லாதவர்கள் அப்புறம் வரலாம் என்றார்கள். அவள் சண்டை போடவில்லை. தங்கைக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

"உள்ள மூச்சுக்கே அல்லாடுறாங்கடி. இந்தச் சுண்டைக்கா கட்டிக்கு நான் போய் இடத்த அடைச்சுக்கிட்டு..."

ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள், தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள். உள்ளே விட்டபோது அது அக்குளுக்குப் பரவியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றாள் டாக்டர்.

"வந்தேனே டாக்டர். நீங்கதான் கதவத் தொறக்கல."

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. முகக்கவசம் அழுத்திய தடம் அவள் மூக்கின் மேல் சிவந்திருந்தது.

அறுவை சிகிச்சை, மருந்து. முடி கொட்டி, முளைத்து, மறுபடியும் கொட்டியது. இடையில் கொஞ்ச காலம் வேலைக்குக்கூடப் போனாள். பிறகு நோய் முதுகெலும்புக்குப் போனது. அதற்குள் ஊர் அந்த நாட்களையே மறந்துவிட்டிருந்தது. பேச்சு வந்தால், வீட்டில் அடைந்து கிடந்து கேக் செய்யக் கற்றதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"போன வாரம்கூடக் கேட்டேன்" என்றார் அத்தான். "அன்னைக்கே உள்ள விட்டிருந்தா பொழைச்சிருப்பியான்னு."

"என்ன சொன்னா?"

"'நோண்டாம தூங்குங்க'ன்னா."

தங்கை அக்காவின் கண்களை மூடிவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

திரும்பியபோது அத்தான் கட்டிலோரத்து நாற்காலியில், தலை சுவரில் சாய, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதமாக ஒரு முனகலுக்கே எழுந்து உட்கார்ந்தவர்.

பக்கத்து வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தங்கை உதட்டில் விரலை வைத்தாள். அந்த அம்மா செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.