உள்ளங்கைக் கணக்கு

சொரியாசிஸை அளக்க எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். விரல்களோடு சேர்த்து நோயாளியின் ஒரு உள்ளங்கை, அவர் உடம்பில் ஒரு சதவீதம். பத்து உள்ளங்கை அளவுக்குத் தடிப்பு இருந்தால்தான் புது ஊசியின் சோதனையில் சேர்த்துக்கொள்வோம். இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவானுக்கு உள்ளங்கையில் நோய் வந்திருக்காது.

என் தங்கைக்கு அங்கேதான் வந்தது. இரண்டு கையிலும் வந்தது, வேறெங்கும் ஒரு பொட்டுகூடக் கிடையாது. அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். வெடித்து ரத்தம் கசியும் கையைப் பார்த்ததும் வருகிறவர்கள் "வேற ஆள் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா அவளைப் பெருக்கச் சொன்னாள். துடைப்பத்தையும் பிடிக்க முடியவில்லை. எந்தக் களிம்புக்கும் கேட்கவில்லை. மாத்திரை ஈரலைக் கெடுத்தது. மிச்சமிருந்தது எங்கள் ஊசி ஒன்றுதான்.

"என் உடம்புக்கு என்னையே அடையாளம் தெரியலக்கா. திருட வந்தவன்னு நெனச்சு அடிக்குது," என்று சிரிப்பாள். குழந்தை விஷயத்தில் மட்டும் அவளால் சிரிக்க முடியாது. குளிப்பாட்டப் போனால், "அம்மா கை வேணாம், குத்துது," என்று கத்துவான்.

சோதனையில் ஆள் சேர்க்கும் வேலை என்னுடையது. ஆனால் சொந்தத் தங்கையை நான் அளக்கக் கூடாது. அளப்பது எங்கள் டாக்டரம்மா. எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கேல்'. நல்ல மனுஷிதான். அதுதான் என் எரிச்சலே. கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

"ரெண்டு பர்சென்ட்தாம்மா வருது," என்றார் ஸ்கேல். "சேர்க்க முடியாது. தோலை மட்டும் பத்திரமா பாத்துக்குங்க. கீறல், காயம் பட்டா அந்த இடத்துலயும் இது கிளம்பிடும்."

வருகிற எல்லோரிடமும் சொல்லும் எச்சரிக்கைதான் அது. தங்கை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதன்பின் அவள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து போன் வந்தது.

"அக்கா, இன்னொரு தடவை அளக்கச் சொல்லேன். பரவிடுச்சு!"

குரலில் அத்தனை சந்தோஷம். மறுநாளே வரச் சொன்னேன்.

அளக்கும் அறையில் உடையைத் தளர்த்திக் காட்டினாள். வயிற்றிலும் தொடையிலும் செக்கச்செவேலென்று தடிப்பு, மேலே வெள்ளைச் செதில். எல்லாம் கோடு கோடாக, பக்கத்தில் பக்கத்தில். தானாக வரும் நோய் அப்படிக் கோடு போட்டுக்கொண்டு வராது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்தக் கையால் நாரை அழுத்திப் பிடிக்க என்ன பாடு பட்டிருப்பாள் பாவி! ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

அவள் உள்ளங்கை அளவுக்கு வெட்டிய காகிதத்தை ஸ்கேல் ஒவ்வோர் இடமாக வைத்து எண்ணினார். பிறகு, "இது எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை ஆவலாக முந்திக்கொண்டாள். "இப்பதான் டாக்டர், கொஞ்ச வாரமா."

ஸ்கேல் பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்கும் புரிந்திருந்தது. "ஆறு மாசமாவது ஒரே நிலையில இருக்கிற நோயைத்தாம்மா சேர்க்கலாம். அதுக்குள்ள ஆள் எடுக்கிறதே முடிஞ்சிடும்."

அந்த விதி எனக்கு மனப்பாடம். இரண்டு சதவீதக்காரிக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் சொன்னதே இல்லை.

ஸ்கேல் என் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார். தங்கையின் விரல் மடங்காததால் நான்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"மொத்தம் எவ்வளவு வந்துச்சுக்கா?"

"பதினொண்ணு."

"பாத்தியா, ஒண்ணு கூடவே வாங்கிட்டேன்," என்றாள். அப்புறம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்.

"கைல இருக்கறது கெடக்கட்டும்க்கா. இதாவது போயிடுமா?"

இத்தனை வருஷமாக இந்த நோயோடுதான் என் பிழைப்பு. லேசில் போகிற நோய் இல்லை இது. அடுத்த பொத்தானைப் போட்டேன்.