பொரிமாவுத் தேர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இப்படி ஒப்புக்கொண்டால் என்னை நேர்மையானவன் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்ற கணக்கும் இதில் உண்டு. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காஞ்சி மாநகரின் கோபுரங்களைப் பொன்னிறக் கதிரவன் தழுவிக்கொண்டிருந்த அந்த மாலையில்...’ அடித்துவிட்டேன். கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் மகளுக்கு வயிறு சரியில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: ‘அடுத்த வீட்டுத் திரிசலாவைப் பார்த்துக் காந்தா பொறாமைப்பட்டாள்.’ காந்தா என் மனைவி. என் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஜீவன். [ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: ‘நானா? யாருன்னு சரியா எழுதுங்க.’]

சரி. நான்தான்.

2

நடந்தது 1967 மாசியில். என் மகள் பெரியநாயகிக்கு அப்போது ஐந்து வயது. பெயரில் இருந்த பெரியது உடம்பில் இல்லை. இரண்டு மாத வயிற்றுக் கடுப்பில் குச்சியாகிவிட்டாள். எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது, லேசில் செரிப்பதைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள், எடை ஏறாவிட்டால் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர்.

கஞ்சி கொடுத்தோம். தெருவில் தறிக்குப் பாவு நீட்டி நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

“கஞ்சி பாவுக்குத்தானே போடுவாங்க நைனா. நான் இன்னா பாவா?”

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஊட்டினால் இன்னும் இறுக்கமாக.

ஒருநாள் திரிசலா எட்டிப் பார்த்து, “கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க அண்ணே” என்றாள். திரும்பி வந்த பெண் சொன்னாள்: “திரிசலாக்கா வீட்ல ரெண்டு கிளி துன்னேன்.”

“ஜைனருங்க வீட்ல கிளியா?” என்று காந்தா சிரித்தாள்.

விசாரித்ததில், நெற்பொரியை இடித்துச் சலித்து, கனிந்த வாழைப்பழத்தையும் துளி வெல்லத்தையும் போட்டுப் பிசைந்த மாவுக் கிளி என்று தெரிந்தது. அடுப்பே மூட்டவில்லை. கண்ணுக்கு உலர்ந்த திராட்சை. “வாலை மொதல்ல துன்னணும்” என்றாள் மகள், ஏதோ சாஸ்திரம் சொல்வதுபோல.

3

பெரிய மனிதர்களின் அற்பப் பொறாமைகளைக் கிண்டல் செய்து இருபது வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதுகிறேன். யாருக்குப் பொன்னாடை, யாருக்கு வெறும் மாலை, யார் மேடையில் நடு நாற்காலி. என் பொறாமையோ ஒரு கிளியின் வாலைப் பற்றியது.

பத்து நாளில் முக்கால் கிலோ ஏறினாள். தகப்பனுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கடுத்தது. என் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டாளா?

(இந்த இடத்தில் திரிசலாவின் கிளிக்குக் காக்கை மூக்கு என்று ஆறு வரி எழுதியிருந்தேன். நல்ல வரிகள். ஆனால் அந்தக் கிளியை நான் பார்த்ததே இல்லை. எடுத்துவிட்டேன்.)

4

பொழுது சாய்ந்தால் திரிசலா வீட்டில் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. இருட்டில் விழும் பூச்சி தெரியாது; அவர்கள் வழக்கம் அது. நான் யோசித்தேன்: ஆறரை மணிக்கு மேல் எனக்கு எதிரியே கிடையாது.

கிளியெல்லாம் நம் தகுதிக்குச் சரிவராது. அதே மாவில் தேர் செய்தேன். ஐந்து அடுக்கு, திராட்சைச் சக்கரங்கள், பேரீச்சம்பழக் கலசம். இரண்டு மணி நேரம். ஏழு மணிக்கு விளக்கடியில் கொண்டுவந்து வைத்தேன்.

மகள் அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தாள்.

“நல்லாக்கீது நைனா.”

“சாப்பிடும்மா.”

“இருட்டிடுச்சே. இருட்டினா துன்னக்கூடாது. பூச்சி வுழுந்தா பாவம்.”

“அது அவங்க வீட்டு வழக்கம்மா.”

“எனக்கும்தான்.”

வாய் மூடியது. காந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் எறும்புகள் என் தேரை நிலைக்கு இழுத்துக்கொண்டிருந்தன.

5

திரிசலாவையே கேட்டுவிடுவது என்று போனேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், காந்தா விடமாட்டாள்.

“அந்தக் கிளியை எப்படிம்மா பண்றே?”

“நான் எங்கண்ணே பண்றேன்? மாவைப் பிசைஞ்சு அவ கையில குடுத்துடறேன். அவளே பண்ணிக்கினு அவளே சாப்புட்றா. பாதி நாளு அது கிளியா எலியான்னே தெரியாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஐந்து அடுக்கும் என் தலையில் சரிந்தன.

6

அன்று சாயங்காலம், ஐந்தரை. வெயில் இருக்கும்போதே மாவைப் பிசைந்து அவள் கையில் உருண்டையாக வைத்தேன். உருட்டினாள், கிள்ளினாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது; நிமிர்த்தப் போனேன்.

“கைய எடு நைனா.”

எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இன்னாம்மா இது? எலியா?”

“நீதான்.”

பெரிய தொப்பை, ஒரே ஒரு திராட்சைக் கண். அதைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள். எதிர்வீட்டு ஓட்டு விளிம்பில் வெயில் ஒரு சாண் மிச்சம். அடுத்த வீட்டிலிருந்து மகளைக் கூப்பிடும் திரிசலாவின் குரல்: “பெரிம்மா, இருட்டப்போவுது, வரியா?”

முடிவு ஒன்று: அங்கேயே உட்கார்ந்து என்னைக் காலிலிருந்து தின்று தீர்த்தாள்.

முடிவு இரண்டு: என்னை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். திரிசலா ‘உங்க நைனா மாதிரியே இருக்குது’ என்று சொல்ல, சிரித்துக்கொண்டே...

[பென்சில்: ‘நான்தான் வாசல்ல இருந்தேன். நடந்ததைச் சொல்லட்டுமா?’]

வேண்டாம் காந்தா.

ஐயா, அம்மா, மாவு உங்கள் கையில் இருக்கிறது. நான் கையை எடுத்துவிட்டேன். எப்படி வேண்டுமானாலும் பிடியுங்கள், இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். அடுத்த வீட்டில் முடிப்பதாக இருந்தால் மட்டும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.