கூப்பிடும் வரிசை

மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி காலை பதினொரு மணிக்கு அம்மாக்காரியின் போனுக்கு வந்தது. நாலு மணிக்குள் சரி சொன்னால்தான் அச்சுக்குப் போகும் என்று அச்சகக்காரர் எழுதியிருந்தார். வரவேற்பவர்கள் வரிசையில் சின்ன மகன் இருந்தான். பெரியப்பா மகன்கள், மாமா மகன்கள் என்று ஒரு படையே இருந்தது. பெற்ற மூத்த மகனை மட்டும் காணோம்.

எப்படி இருக்கும்? பட்டியல் எழுதிக் கொடுத்த மகராசன் அவள் புருஷன்தானே. பிரிட்ஜ் மெக்கானிக், சொந்தக் கடை. உங்க கடையில நிக்க மாட்டேன், எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு என்று மூத்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்கக் கூடாது. அப்படியொரு வீம்பு மனுஷனுக்கு. நேற்று அவன் போனில் அம்மாவிடம் கேட்டான்: "பத்திரிகையில நான் இருக்கேனாம்மா? இல்லேன்னா வரல. வந்து யார் முகத்துல முழிக்கிறது?"

ஆஸ்பத்திரி சலவை அறையில் அவளுக்குக் கை ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்திலேயே மறந்து, ஒரு டாக்டர் கோட்டின் காலர் பழுப்பாகிவிட்டது. ஒரு காதில் வழக்கம்போல் கொரியப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகளிடமிருந்து தொற்றிய பைத்தியம் அது. எட்டுப் பையன்கள் சேர்ந்து ஆடிப் பாடும் குழு. எட்டும் ஒரே அச்சு என்று முதலில் சிரித்தவள், இப்போது பின்னந்தலையைப் பார்த்தே எவன் எவன் என்று சொல்லிவிடுவாள்.

பாட்டுத் தொடங்கியதும் ரசிகர்கள் எட்டுப் பேரையும் வயசு வரிசையில் கூப்பிடுவார்கள். மூத்த பையன் அந்த நாட்டுக் கட்டாயப் பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷம். மேடையில் ஏழு பேர்தான். ஆனாலும் கூட்டம் முதலில் அவன் பேரைத்தான் கத்தும்.

"அவன்தான் இல்லையேடி, எதுக்குத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறாங்க?" என்று ஒருநாள் மகளைக் கேட்டாள்.

"திரும்பி வருவான்லம்மா. நாமளே விட்டுட்டா அவன் எங்க வருவான்?"

இன்றும் அந்தக் கூச்சல் காதில் விழுந்தது.  எங்கேயோ எவளோ பெற்ற பிள்ளையை ஊரே கூப்பிடுகிறது, நான் பெற்றதுக்கு நான் ஒருத்திகூட வாய் திறக்கவில்லையே என்று இருந்தது அவளுக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"ஒரு பேர் விட்டுப்போச்சுங்க," என்றாள் அச்சகத்தில். "கடைசியில போட்டுடுங்க."

கடைசியில் என்றால் அந்தக் கும்பலில் புருஷன் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று ஒரு கணக்கு. அச்சகக்காரர் பேரைச் சேர்த்து, புது மாதிரியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பேர் மாத்தினா ஆர்டர் கொடுத்தவர் கையெழுத்து வேணும்க்கா. அவருக்குப் போன் பண்ணியாச்சு, வந்துட்டிருக்கார்."

போச்சுடா என்று உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஸ்பேனர் பையோடு வந்த மனுஷன் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மாதான்."

சும்மா வந்து உட்காருகிற இடமா அச்சகம்? அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றுவிட்டது. இனி மழுப்பிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான்தான் சேர்த்தேன். அவன் பேரை வெட்டுறதா இருந்தா பெத்தவ பேரையும் சேர்த்து வெட்டிடுங்க. நானும் கல்யாணத்துக்கு வரல."

அவர் அச்சகக்காரரிடம் பேனாவுக்குக் கை நீட்டினார். பேரின் குறுக்கே ஒரே கோடு. 

பேனா அங்கேயே நிற்கவில்லை. மாமா மகன்களைத் தாண்டி, பெரியப்பா மகன்களைத் தாண்டி, சின்னவனுக்கும் மேலே போனது. அங்கே அதே பேரை, இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியது.

"வீட்டுக்கு மூத்தவன கொண்டுபோய் வாலுல கட்டியிருக்கே," என்றார், நிமிராமலே. "நீயெல்லாம் ஒரு தாயா?"

திட்டிக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.