ஆர்விடின் ஜாம் குருவி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டு ஆர்விடுக்கு 'ஜாம்' என்று பட்டம் கட்டியது நான்தான்.

அவர் மேலும் தப்பு உண்டு. போன மே மாதம், மாங்குயில்களுக்கு வைக்கும் திராட்சை ஜெல்லி தீர்ந்துபோக, ஸ்ட்ராபெரி ஜாமை வைத்தார். ஒரு மஞ்சள் சிட்டு அதற்குள் தலையை விட்டு எழுந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, சிவப்புத் தலை. மனிதர் அவசரப்பட்டு, அமெரிக்காவின் மேற்கு மலைகளிலிருந்து எங்கள் ஏரிக்கரை ஊரான டுலூத் பக்கம் எப்போதாவது வழிதவறி வரும் சிவப்புத்தலை டானஜர் பறவை என்று பறவைச் சங்கத்துக்கே அறிவித்துவிட்டார். நாற்பது பேர் தொலைநோக்கியோடு வந்து நின்றபோது சிட்டு தலையிலிருந்த ஜாமைக் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் சங்கத்தில் தலை காட்டவேயில்லை.

இந்த மே மாதம் ஏரிக்காற்றும் பனிமழையும் அடித்து, வடக்கே போகிற பறவைகளெல்லாம் எங்கள் கொல்லைகளில் இறங்கிவிட்டன. செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்விட் வேலியோரம் வந்து கூப்பிட்டார்.

"மார்லிஸ், ஒரு நிமிஷம் வந்து பாரேன். டானஜர் வந்திருக்கு. இந்தத் தடவை நிஜம்."

"முதல்ல அதுக்கு மூஞ்சி கழுவி விடுங்க. அப்புறமா வரேன்."

"விளையாடாத. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ பார்த்துச் சொன்னாப் போதும்."

"போங்க ஆர்விட். அடுப்புல காபி இருக்கு."

அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன்.

வியாழன் காலை, என் ஜன்னலுக்கு வெளியே நான் வெட்டிவைத்திருந்த ஆரஞ்சின் மேல் அது உட்கார்ந்திருந்தது. சிட்டைவிடப் பெரியது. பனிமழையில் தொப்பலாக நனைந்திருந்தும் தலைச் சிவப்பு துளியும் கரையவில்லை. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

சங்கத்தில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் லோவலுக்குப் போன் செய்தேன்.

"சிவப்புத் தலையா? உங்க தெருவுல ஜாம் என்ன விலை, மார்லிஸ்?"

"வாயை மூடிட்டு கேமராவை எடுத்துட்டு வா."

வந்தான். பின்னாலேயே ஊரும் வந்தது. பத்துப் படம் எடுத்தபிறகு லோவல் நோட்டைத் திறந்தான்.

"சந்தேகமே இல்ல, டானஜர்தான். முதல்ல பார்த்தவர் மார்லிஸ்னு எழுதிடறேன்."

அபூர்வப் பறவை ஒன்றுக்கு நேரே என் பெயர் வரவேண்டும் என்று முப்பது வருடமாக ஆசை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்விட் தனியாக நின்றுகொண்டிருந்தார். இத்தனை பேர் நடுவே வர அவருக்குக் கால் வரவில்லை.

"என் பேர் வேண்டாம்," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆர்விட் செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டார். என்னைக் கூப்பிட்டார். நான்தான் கேலி பண்ணித் துரத்திட்டேன்."

லோவல் எழுதியதை அடித்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பினான்.

"செவ்வாய் எத்தன மணிக்கு, ஆர்விட்?"

"ஏழு இருபது." அவர் வேலியை ஒட்டி வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "சாட்சின்னு அவ பேரையும் போட்டுக்கோ. ரெண்டு நாள் லேட்டுன்னு பக்கத்துல எழுதிடு."