தட்டைத் திருப்பாதே

உருளைக்கிழங்கைச் சூடாக இருக்கும்போதே உரித்துவிட வேண்டும் என்பதில் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் மகள் விரல் நுனிகளை ஊதி ஊதி உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பவர் பார்த்துச் சொல்கிறவள் அவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவாகத் தெரிகிறதா, இல்லை இதுவா என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. இந்த வாரம் அதே கேள்வியைக் கிண்ணமும் கரண்டியுமாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எதையும் தெளிவாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

விஷயம் சின்னது. பக்கத்து அறையில் படுத்த படுக்கையாக இருந்த அம்மா, சூப்பையும் பழச்சாற்றையும் ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தான் செய்யும் உருளைக்கிழங்கு சாலட் ஒரு வாய் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றாள். வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்கிற பழக்கமே அம்மாவுக்குக் கிடையாது. மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முட்டை வேகவைத்து, கடுகு விழுது கலந்து, சின்ன வயதில் சாப்பிட்டது போலவே செய்து எடுத்துப்போனாள். அம்மா ஒரு கரண்டி வாங்கி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்லம்மா."

மகளுக்குச் சுருக்கென்றது. அண்ணனைக் கேட்டாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பேசும்போதுகூட பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு பேசுகிறவன். நிதானமாக யோசித்து, முட்டை என்று ஒன்று அதில் இருந்ததே கிடையாது, பச்சை வெங்காயமும் வினிகரும்தான் அதற்கு உயிர் என்றான். மறுநாள் வெங்காயம் போட்டுக் கொண்டுபோனாள். அம்மா அதற்கும் மெல்லத் தலையை அசைத்தாள். என்னதான் குறைகிறது என்று கேட்டதற்குக் கண்ணை மூடி யோசித்தாள்.

"எல்லாமே இருக்கணும்" என்றாள்.

எல்லாமே என்றால் எதெல்லாம் என்று கேட்பதற்குள் தூங்கிப்போனாள்.

அப்பாவைக் கேட்டால், தயிரும் உப்பும், வேறென்ன என்றார். உருளைக்கிழங்கில் போய் யாராவது வினிகர் ஊற்றுவார்களா என்று, நோயாளி இவள்தான் என்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார். கடைக்குட்டித் தம்பியை வீட்டில் பொடியன் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது வாசலில் குனிந்து நுழைகிற உயரம், லிஃப்ட் மெக்கானிக். அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து போனில், ஆப்பிள் போட்டாயா அக்கா, கொஞ்சம் சர்க்கரையும் உண்டே என்றான்.

ஒரே மேசை, ஒரே தட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேருக்கு நான்கு சாலட் எப்படி நினைவிருக்கும்? அவளுக்குத் தலை சுற்றியது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். அப்புறம், மறந்தது தானோ என்று சந்தேகம் வந்தது. கடுகின் காரம் மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து அம்மா சிரித்தது, இதெல்லாம் அவளாகக் கட்டிய கதையா? அம்மா கேட்டது ஒரே ஒரு வாய். அதைக் கொடுக்கத் தெரியாத மகளாகப் போய்விட்டோமே என்ற நினைப்பு அவளை அரித்தது.

இன்றைக்கு ஆப்பிள் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து சமையலறை வாசலில் நின்றார். எதையோ தேடி வந்து அது என்னவென்று மறந்துபோனவர்போல நின்றார்.

"கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

போய்ப் பார்த்தாள். பார்த்த பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. அம்மாவின் நெற்றியைத் தொடப் போனபோதுதான் கையில் பாதி உரித்த கிழங்கு இருப்பது தெரிந்தது. கிழங்கு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பாவிடம் நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்தவை எல்லாம் முன்பின்னாகவே அவளுக்கு நினைவிருந்தன. டாக்டர் வந்து, எப்போது ஆயிற்று என்று கேட்டார். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது என்று பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறு எதுவோ எழுதிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணன் வந்து, வாசலில் வண்டிகள் தாறுமாறாக நிற்பதைப் பார்த்து, அழுதுகொண்டே ஒவ்வொன்றையும் ஒழுங்காக நிறுத்தச் சொன்னான். பொடியன் வேலை உடுப்போடு ஓடிவந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அம்மா தபால் நிலையத்தில் முகவரி பார்த்து ஊர் வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே கூட வேலை பார்த்த ஒரு பெண்மணி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிரிவில் எல்லாருக்கும் டீ போடுவது அம்மாதானாம். சர்க்கரை வேண்டுமா, பால் எவ்வளவு என்று யாரையும் கேட்டதே இல்லையாம். ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், ஒரு நாளும் கோப்பை மாறிப்போனதில்லை என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். மகள் தலையை ஆட்டினாள். எதுவும் காதில் ஏறவில்லை. எல்லாமே இருக்கணும் என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். மேசையைச் சுற்றி நான்கு பேரும் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா ஒரு முனையில், எதிரே பொடியன். பக்கவாட்டில் அண்ணனும் அவளும் நேருக்கு நேர். சமையலறைப் பக்கத்து மூலையில் அம்மாவின் ஸ்டூல். அது உட்கார்வதற்கென்பதைவிட எழுந்து ஓடுவதற்கென்று போட்டது.

"அந்தக் கிழங்கு என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிழங்கு ஆறி, பாத்திரத்தில் கிடந்தது. மகள் மேல் அலமாரியிலிருந்து, அம்மா சாலட் வைக்கிற அந்தப் பழைய எனாமல் தட்டை இறக்கினாள். நீள்வட்டமான பெரிய தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். அந்தப் பக்கம் எப்போதும் அப்பாவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அம்மா இல்லாவிட்டாலும் அப்பாவின் கை தானாக அதைத் தன் பக்கம் சரிசெய்தது.

சண்டை உடனே தொடங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கு என்றான் அண்ணன். ஆப்பிள் இல்லாமல் அது எப்படி என்றான் பொடியன். தொட்டில் வயசில் சாப்பிட்டதெல்லாம் உனக்கு எங்கே நினைவிருக்கும் என்று அண்ணன் அவனை அடக்கினான். மகள் கடுகு விழுதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் என்ன வந்ததோ, குரல் உயர்ந்தது.

"நீ தப்புத் தப்பாப் பண்ணிக் குடுத்தே. அதான் அவங்க சாப்பிடாமலே போயிட்டாங்க."

சொன்ன கணமே அவன் முகம் மாறியது. பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி இடித்துவிட்டிருந்தது. மகளுக்கு அழுகைகூட வரவில்லை; அவன் சொன்னதைத்தான் காலையிலிருந்து அவளே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஆளுக்கொரு கிண்ணத்தில் அவரவர் சாலட்டைக் கலந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கலந்ததைத் தட்டில் தங்கள் பக்கமாகக் கொட்டிக்கொண்டார்கள். கடைசியாகக் கொட்டிய பொடியன் தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"இந்தத் தட்டுக்காகத்தான் அம்மா என்னை ஒரே ஒரு தடவ அடிச்சாங்க. ஸ்டியரிங் ஓட்டுறேன்னு அரை வட்டம் திருப்பிட்டேன். பளார்னு விட்டாங்க."

மகள் நிமிர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் நினைவிருந்தது. தட்டைத் திருப்பாதே, உன் பக்கத்திலிருந்து எடு என்பது அம்மா ஓயாமல் சொல்கிற பாட்டு. மேசை நாகரிகம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் சாலட்டை யாராலும் சாப்பிட முடியவில்லை. கிழங்கு கெட்டுப்போச்சு என்று அம்மா தட்டையே உள்ளே எடுத்துப்போய்விட்டாள்.

அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று பொடியனைக் கேட்டாள். சப்பென்று, வெறும் தயிர் என்றான். அவளுக்கோ அன்றைக்கு வெங்காய நெடி ஏறியிருந்தது. அதை அவள் சொன்னதும் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். முட்டை வாடை அடித்துக் குமட்டியது என்றான். முட்டை என்றாலே அவனுக்குக் குமட்டும்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இனிச்சுது. உங்கம்மா கைதவறி சர்க்கரையைக் கொட்டிட்டான்னு நெனச்சேன். கேட்கல."

நான்கு பக்கமும் நான்கு விதமாக, அவள் கண்முன்னே தட்டு நிறைந்திருந்தது. அம்மா இதைத்தான் ஞாயிறுதோறும் தனியாகச் செய்துவைத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல், தட்டைத் திருப்பாதே என்று காவல் காத்திருக்கிறாள். ஆப்பிள் இருப்பது தெரிந்தால் ஆப்பிளுக்குச் சண்டை வரும், முட்டை இருப்பது தெரிந்தால் அண்ணன் எழுந்து போய்விடுவான். கடிதம் பிரிக்கிறவளின் கை. மகளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எது முந்தியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அப்போ அம்மாவோட பக்கம் எது?" என்றான் பொடியன்.

மூவரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். அதற்கு எதிரே தட்டில் பக்கமே இல்லை.

"அவ கடைசியிலதானே உக்காருவா" என்றார் அப்பா. "நீங்கள்லாம் எழுந்து போன பிறகு. மிச்சத்த எல்லாம் வழிச்சு, ஒண்ணாக் கலந்து..."

எனாமலில் கரண்டி உரசுகிற அந்தச் சத்தம் மகளுக்கு நினைவு வந்தது. விளையாடப் போகிற அவசரத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். எல்லாமே இருக்கணும் என்று அம்மா சொன்னபோது, இது மகளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதானே நினைத்திருப்பாள்.

மகள் கரண்டியை எடுத்தாள். அப்பாவின் தயிர், அண்ணனின் வெங்காயம், பொடியனின் ஆப்பிள், தன் முட்டையும் கடுகும். நான்கு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து நடுவில் சேர்த்துக் கலந்தாள். வாயில் போட்டாள். இனித்தது, உறைத்தது, புளித்தது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு காலம் சாப்பிட்டும் அவள் அறியாத ருசி. கரண்டியை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் முட்டையைப் பார்த்தான். ஒரு வாய் எடுத்து விழுங்கிவிட்டு அப்பாவிடம் நீட்டினான்.

கரண்டி சுற்றிவந்து பொடியனிடம் சேர்ந்தது. அவனும் ஒரு வாய் சாப்பிட்டு, கரண்டியைத் தட்டின் நடுவில் வைத்தான். பிறகு இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்து, பெயர்ந்த பக்கம் ஸ்டூலைப் பார்த்து வரும்வரை தட்டை மெல்லத் திருப்பினான். திருப்பியபின் கையை எடுக்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, அப்படியே காத்திருந்தான்.